சோஷியல் மேடம்

திருத்தணி பஸ் இன்றைக்கும் தாமதம்.
நகரியில் இறங்கும்போது பிரேயர் முடிந்துவிட்டது.
கேட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்ட பொடியன்
"இன்னிக்கு இன்னா பாடம் மேடம்?" என்கிறான்.
எட்டு மாதமாகச் சொல்கிறேன்,
நான் அந்த சோஷியல் இல்லையப்பா.
அக்பர் எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தார் என்று
எனக்கு நினைவில்லை.
ஏழாம் வகுப்பு முனிரத்தினத்துக்கு
மூன்று நாளாய்க் காதில் சீழ்;
அது நினைவிருக்கிறது.

எனக்கென்று அறை கிடையாது.
மதியச் சோற்று அரிசி மூட்டைகளுக்குப் பின்னால்
இரண்டு நாற்காலி.
ஒன்றுக்கு ஒரு கால் குட்டை.
பிள்ளைகள் அதில்தான் போய் உட்காருவார்கள்.
டக் டக்கென்று ஆடிக்கொண்டே
"ஒன்னுமில்ல மேடம்" என்பார்கள்.
ஆட்டம் நின்றால்
பேனாவை மூடிவிடுவேன்.

பனிமொழி வந்து உட்காரவே இல்லை.
எட்டாம் வகுப்பு, தமிழ் மீடியம், மொத்தம் பதினொரு பேர்.
ஆடியில் மட்டும் ஒன்பது நாள் காணோம்.
உதவித்தொகையையும் காணோம்.
ழகரத்துக்குத் தெலுங்கில் இடமில்லாமல்
ஆதாரில் ஒரு ல, பாஸ்புக்கில் ஒரு ள,
பள்ளிப் பதிவேட்டில் பின்பாதியே இல்லை, வெறும் பனி.
மூன்று காகிதத்தில் மூன்று பெண்கள்.
ஒருத்திக்கும் பணம் போடாது பேங்கு.
"பனி அன்டே பனே கதா மேடம்" என்று சிரித்தார்
கிளார்க் கோதண்டரெட்டி.
அவர் மொழியில் பனி என்றால் வேலை.
நானும் சிரித்து வைத்தேன்.

ஏகாம்பரகுப்பத்தில் அந்தத் தெருவுக்கே ஒரே சத்தம்.
விசைத்தறி ஓடும்போது
பக்கத்தில் நிற்பவரிடமும் கையால்தான் பேச வேண்டும்.
அவள் அம்மா தேவசேனா கையால் சொன்னாள்: உட்கார்.
கையால் சொன்னாள்: காபி.
கையால் சொல்ல முடியாததற்கு
கரண்ட் போகட்டுமென்று இருவரும் காத்திருந்தோம்.

நாலேகாலுக்குப் போனது.
அமைதி காதில் வலித்தது.
"ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பறேன், தார் சுத்தறா.
அவங்கப்பா நெஞ்சுவலிக்கு
முதலாளிகிட்ட நாப்பதாயிரம் வாங்கியிருக்கோம்.
வேற யார எழுப்பறது, நீங்களே சொல்லுங்க."

நான்கு இலக்கத்தில் ஒரு எண் உண்டு.
பயிற்சியில் மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.
பைக்குள் கைவிட்டு போனைத் தொட்டேன்.
தொட்ட கையை வெளியே எடுத்து
ஆறிப்போன காபியைக் குடித்தேன்.
சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

கதவோரம் பனிமொழி, விரலெல்லாம் நீலச் சாயம்.
"மேடம், சோஷியல்ல ரெண்டு பாடம் போயிடுச்சி.
நீங்க நடத்துவீங்களா?"
கரண்ட் வந்துவிட்டது.
தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றிரவு படித்தேன்.
பட்டத்துக்கு வந்தபோது அக்பருக்கு வயது பதின்மூன்று.
இவளுக்கும் அதேதான்.

மறுநாள் கோதண்டரெட்டி பதிவேட்டை எடுத்து
விட்டுப்போன பாதியை எழுதினார்.
கடைசி எழுத்துக்குக் கீழே
என்னவோ யோசித்து, பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.
"கம்ப்யூட்டர் இத ஒப்புக்காது மேடம்" என்றார்.
வைத்த புள்ளியை அழிக்கவில்லை.

மாத அறிக்கையில் 'தீர்வு' என்று ஒரு கட்டம்.
முனிரத்தினத்துக்கு நேராகச் சொட்டு மருந்து என்று எழுதினேன்.
அவளுக்கு நேராகக் காலி.

சாயங்கால பஸ் ஏகாம்பரகுப்பம் தாண்டும்போது
சட்டென்று ஊரே அடங்கியது.
எங்கோ ஒரு குழந்தை அழுவது கேட்டது.
மடியில் எட்டாம் வகுப்பு சோஷியல் புத்தகம்.
"ஹோல்டான்!" என்று கத்தினேன்.
தெலுங்கில் திட்டிக்கொண்டே
கண்டக்டர் விசில் ஊதினார்.